மில்லிமீட்டர் கணக்கில் சமநீதி, தோட்டாக் கணக்கில் ஏற்றத்தாழ்வு: மூன்று நிலை ரைபிள் போட்டி உணர்த்துவது என்ன?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆடவர் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றில் இப்பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றிய குசாலேவின் வெற்றியை நாடே கொண்டாடியது. ஆனால் அந்தப் போட்டி எத்தகையது, அதன் விதிகள் என்ன, ஏன் அது துப்பாக்கி சுடுதலில் மிகக் கடினமான பிரிவாகக் கருதப்படுகிறது என்பன பெரும்பாலானோருக்கு இன்றும் தெளிவாகத் தெரியாது.

ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 2026 செப்டம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளும், அதன்பின் 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கும் நடைபெறவுள்ள சூழலில், இந்தப் பிரிவைப் பற்றிய புரிதல் அவசியமாகிறது. ஏனெனில் ஒரு விளையாட்டின் விதிகள் வீரர்களை எவ்வளவு சமமாக நடத்த முயன்றாலும், அந்தக் களத்துக்குள் நுழையும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரு பொத்தான் அளவு இலக்கு

இப்போட்டியில் பயன்படுவது 5.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள, .22 என்று பரவலாக அறியப்படும் சிறுரகத் தோட்டா. சுடுபவருக்கும் இலக்குக்கும் இடையே 50 மீட்டர் தூரம். இலக்கின் நடுவில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது, ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. தொலைநோக்கி பொருத்திய குறிகாட்டிக்கு அனுமதி இல்லை. துப்பாக்கியின் பின்முனையில் உள்ள சிறு துளை வழியாகவும் முன்முனையில் உள்ள வளையம் வழியாகவும் கறுப்பு வட்டத்தைப் பார்த்து, மூன்றும் ஒரே மையத்தில் அமையும் கணத்தில் விசையை அழுத்த வேண்டும்.

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் இப்போதைய முறைப்படி, தகுதிச்சுற்றில் ஒவ்வொரு நிலையிலும் 20 வீதம் மொத்தம் 60 தோட்டாக்கள் சுடப்படுகின்றன. மண்டியிட்ட நிலை, படுத்த நிலை, நின்ற நிலை என்பதே வரிசை. தகுதிச்சுற்றில் முழு எண்களில் மட்டுமே புள்ளி கணக்கிடப்படும். எனவே அதிகபட்சம் 600. நிலை மாறும் நேரம், துப்பாக்கியின் பாகங்களை மாற்றியமைக்கும் நேரம், காற்றின் போக்கை அறியச் சுடும் சோதனைத் தோட்டாக்கள் ஆகிய அனைத்தும் ஒதுக்கப்பட்ட மொத்த நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். எப்போது விரைய வேண்டும், எப்போது காற்று தணியும்வரை காத்திருக்க வேண்டும் என்ற முடிவு முழுக்க முழுக்க வீரருடையது.

மூன்று நிலைகளும் அவற்றின் இலக்கணமும்

மண்டியிட்ட நிலையில், வலக்கைப் பழக்கம் உள்ள வீரரின் உடல் மூன்று இடங்களில் மட்டுமே தரையைத் தொடலாம். அவை வலது கால்விரல் பகுதி, வலது முழங்கால், இடது பாதம் ஆகியன. வலது கணுக்காலுக்கு அடியில் உருளை வடிவிலான சிறு மெத்தை வைத்துக்கொள்ளலாம். இடது முழங்கை இடது முழங்காலின் மீது ஊன்றியிருக்கும். அந்த முழங்கை முழங்கால் முனையிலிருந்து முன்புறம் 100 மில்லிமீட்டருக்கும் பின்புறம் 150 மில்லிமீட்டருக்கும் மேல் விலகக் கூடாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இவை அனைத்தும் இடவலமாக மாறும். துப்பாக்கியையும் கையையும் இணைக்கும் தோல்பட்டையைப் பயன்படுத்த அனுமதி உண்டு. இதயத்துடிப்பு கால் வழியாகத் துப்பாக்கி வரை பரவுவதும், நேரம் செல்லச் செல்லக் கால் மரத்துப்போவதும் இந்நிலையின் சிக்கல்கள்.

படுத்த நிலையே மூன்றிலும் உறுதியானது. உடல் முழுதும் தரையில் படிந்திருக்க, இரு முழங்கைகளும் தோல்பட்டையும் துப்பாக்கியைத் தாங்குகின்றன. இங்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. துப்பாக்கியைத் தாங்கும் முன்கை, தரைமட்டத்துடன் 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். கையைத் தரையோடு தாழ்த்தி, துப்பாக்கியை ஏதோ மேடைமீது கிடத்தியதுபோல் வைத்துச் சுடுவதைத் தடுக்கவே இந்த விதி. இந்நிலையில் தேர்ந்த வீரர்கள் 20 தோட்டாக்களில் 200 புள்ளியை நெருங்குவது இயல்பு. ஆகவே இங்கு ஒரு 9 விழுந்தாலும் அது பெரிய இழப்பே.

நின்ற நிலையில் தோல்பட்டைக்கு அனுமதி இல்லை. இரு பாதங்கள் மட்டுமே தரையில் இருக்கும். துப்பாக்கியை இரு கைகள், தோள், கன்னம், தோளை ஒட்டிய மார்புப் பகுதி ஆகியவை மட்டுமே தாங்கலாம். இடது மேற்கையை விலாவிலோ, முழங்கையை இடுப்பெலும்பிலோ ஊன்றிக்கொள்ள விதி இடமளிக்கிறது. 8 கிலோ வரை எடை அனுமதிக்கப்படும் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் தூக்கி, மூச்சை அடக்கி, உடலின் இயல்பான அசைவு மிகக் குறையும் அந்த ஓரிரு நொடிகளுக்குள் சுட வேண்டும். தசையின் வலிமையால் துப்பாக்கியை அசையாமல் பிடிக்க இயலாது. எலும்புகளின் அடுக்கில் அதை நிறுத்திவைக்கக் கற்பதே இந்நிலையின் அடிப்படைப் பாடம்.

உடைக்கும் அளவுகோல் உண்டு

இவ்விளையாட்டில் துப்பாக்கிக்கு நிகராக ஆடையும் கண்காணிக்கப்படுகிறது. கனமான மேலங்கியும் காற்சட்டையும் உடலைத் தாங்கும் கவசமாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். துணியின் தடிமன் ஒற்றை அடுக்கில் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. துணி எவ்வளவு விறைப்பானது என்பதையும் கருவியால் அளக்கிறார்கள். காலணியின் அடிப்பகுதி குறைந்தது 22.5 பாகை வளைந்தாக வேண்டும். போட்டி முடிந்த பின்னரும் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து மறுசோதனை நடத்துவார்கள். அதில் தவறினால் எடுத்த புள்ளிகள் அனைத்தும் செல்லாது.

களத்தில் விதிமீறலுக்கு முதலில் மஞ்சள் அட்டை காட்டி எச்சரிக்கப்படும். அடுத்தது பச்சை அட்டை, 2 புள்ளிகள் பறிபோகும். சிவப்பு அட்டை என்றால் வெளியேற்றம். சுடாத நேரத்தில் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்பதைக் காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகியிருக்க வேண்டும் என்பது தொடக்க நிலை மாணவர் முதல் ஒலிம்பிக் வாகையர் வரை எவருக்கும் விலக்கில்லாத விதி.

இவ்வாறு முழங்கையின் இடம் முதல் காலணியின் வளைவு வரை அளந்து வரையறுப்பதன் நோக்கம் ஒன்றே. வெற்றியை விலையுயர்ந்த உபகரணம் தீர்மானிக்கக் கூடாது. திறமையே தீர்மானிக்க வேண்டும்.

பாரிஸ் எண்கள் சொல்லும் பாடம்

குசாலேவின் பாரிஸ் புள்ளிகள் இப்போட்டியின் தன்மையைத் துல்லியமாகக் காட்டுகின்றன. தகுதிச்சுற்றில் அவர் மண்டியிட்ட நிலையில் 198, படுத்த நிலையில் 197, நின்ற நிலையில் 195 என மொத்தம் 590 எடுத்து ஏழாவது இடம் பெற்றார். இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே செல்ல முடியும். சக இந்திய வீரர் ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் எடுத்தது 589. ஒரே ஒரு புள்ளி குறைவு. ஆனால் அவருக்குக் கிடைத்தது 11-ஆம் இடம்.

இறுதிச்சுற்றில் தகுதிச்சுற்றுப் புள்ளிகள் சேர்க்கப்படுவதில்லை. எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவர். புள்ளிகள் தசமத்தில் கணக்கிடப்படும். ஒரு தோட்டாவுக்கு அதிகபட்சம் 10.9. பாரிஸில் ஒவ்வொரு நிலைக்கும் 15 தோட்டாக்கள். 40 தோட்டாக்கள் முடிந்ததும் கடைசி இருவர் வெளியேற, அதன்பின் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒருவர் வெளியேற்றப்பட்டார். குசாலே மண்டியிட்ட நிலையில் 153.3 புள்ளிகளுடன் ஆறாவது இடத்திலும், படுத்த நிலையில் 156.8 சேர்த்தபின் ஐந்தாவது இடத்திலும் இருந்தார். நின்ற நிலையில்தான் முன்னேறி, 451.4 புள்ளிகளுடன் மூன்றாமிடம் பிடித்தார். சீனாவின் லியூ யுகுன் 463.6 புள்ளிகளுடன் தங்கமும், உக்ரைனின் செர்ஹி குலிஷ் 461.3 புள்ளிகளுடன் வெள்ளியும் வென்றனர். குலிஷ் ஒரு தோட்டா கூடுதலாகச் சுட்டவர் என்பதை நினைவில் கொண்டால், இருவருக்கும் இடைப்பட்ட தூரம் தோன்றுவதைவிட மிகச் சிறியது என்பது புலப்படும்.

சராசரியைக் கணக்கிட்டால் ஒரு விந்தை தெரிகிறது. மண்டியிட்ட நிலையில் ஒரு தோட்டாவுக்கு 10.22, படுத்த நிலையில் 10.45, நின்ற நிலையில் 10.09. ஆக, அவர் மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த நிலையிலேயே தரவரிசையில் மேலே ஏறினார். படுத்த நிலையில் அனைவரும் நன்றாகச் சுடுவதால் இடைவெளி உருவாவதில்லை. நின்ற நிலையிலோ அனைவரும் தடுமாறுகின்றனர். குறைவாகத் தடுமாறுபவர் முன்னேறுகிறார். பதக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இறுதிக்கட்டமே.

இதன் மறுபக்கத்தையும் குசாலே அனுபவித்தவர். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டி இறுதிச்சுற்றில் முன்னணியில் இருந்தபோது, நின்ற நிலையில் விழுந்த ஒரே ஒரு 7.6 அவரை நான்காமிடத்துக்குத் தள்ளியது. மகளிர் பிரிவிலும் இதே நிலையாமை உண்டு. அதே ஹாங்சோவில் 469.6 என்ற உலக சாதனையுடன் தங்கம் வென்ற சிஃப்ட் கவுர் சம்ரா, பாரிஸில் தகுதிச்சுற்றிலேயே 31-ஆம் இடத்துடன் வெளியேற நேர்ந்தது.

மாறிக்கொண்டே இருக்கும் விதிகள்

இந்தப் பிரிவின் விதிகள் அண்மைக் காலத்தில் பலமுறை மாறியுள்ளன. முன்பு படுத்த நிலை, நின்ற நிலை, மண்டியிட்ட நிலை என்றிருந்த வரிசை பின்னர் இன்றைய வடிவத்துக்கு மாறியது. ஆடவருக்கு நிலைக்கு 40 வீதம் 120 தோட்டாக்கள், மகளிருக்கு அதில் பாதி என்றிருந்தது. 2018-இல் மகளிருக்கும் 120 ஆக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் இருபாலருக்கும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. தொலைக்காட்சிப் பார்வையாளர்களை ஈர்க்கும் நோக்கமே இத்தகைய மாற்றங்கள் பலவற்றின் பின்னணி.

தோட்டா எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததால் போட்டி எளிதாகிவிடவில்லை. 120 தோட்டாக்களில் ஒரு தவறை ஈடுகட்ட வாய்ப்பு இருந்தது. 60 தோட்டாக்களில் அந்த வாய்ப்பு சுருங்கிவிட்டது. நீண்ட நேரம் தாங்கும் ஆற்றலைவிட, பிழையின்மையே இப்போது முதன்மை பெறுகிறது.

சில மாற்றங்கள் வீரர்களின் வாழ்க்கைப் பாதையையே மூடியிருக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைத் தனிப்பிரிவில் இந்தியாவின் ஜாய்தீப் கர்மாகர் நான்காமிடம் பெற்றார். அந்தப் பிரிவு 2016 ரியோ போட்டிக்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. படுத்த நிலையில் மட்டும் தேர்ந்தவருக்கு ஒலிம்பிக்கில் இனி இடமில்லை. மூன்றிலும் தேர்ந்தாக வேண்டும். காமன்வெல்த் போட்டிகளில் 2022 பர்மிங்காமிலும், 2026 கிளாஸ்கோவிலும் துப்பாக்கி சுடுதலே சேர்க்கப்படவில்லை. இளம் வீரர்களுக்கு அனுபவம் தரும் ஒரு பெரிய மேடை இதனால் இல்லாமல் போயிற்று.

உண்மையான தடை எங்கே?

இந்தியாவில் ரைபிள் பயிலும் சிறுவர் சிறுமியர் பெரும்பாலோர் 10 மீட்டர் ஏர் ரைபிளிலேயே தொடங்குகின்றனர். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வென்ற வெண்கலமும் அப்பிரிவில் கிடைத்தவையே. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் முத்திரை பதித்ததும் அதே பிரிவில்தான். இதற்குத் திறமை மட்டுமன்றி நடைமுறைக் காரணமும் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குறிப்பிட்ட ஆற்றலுக்கும் விட்டத்துக்கும் உட்பட்ட காற்றழுத்தத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பள்ளிக்கூட அரங்கு ஒன்றிலேயே 10 மீட்டர் களம் அமைத்துவிடலாம். ஈயக் குண்டுகளின் செலவும் தாங்கக்கூடியது.

50 மீட்டர் ரைபிள் அவ்வாறன்று. அது தீப்படைக்கலம், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவது. சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். பாதுகாப்பான மண்மேடும் தடுப்புச் சுவர்களும் கொண்ட நீண்ட களம் வேண்டும். உயர்தரத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளிலிருந்தும், போட்டித்தரத் தோட்டாக்கள் இங்கிலாந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்தும் இறக்குமதியாகின்றன. ஒரே நிறுவனத்தின் தோட்டாக்களிலும், தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி துல்லியம் மாறுபடும். தன் துப்பாக்கிக் குழலுக்குப் பொருந்தும் தொகுதியைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது முன்னணி வீரர்களின் வழக்கம். அந்த வாய்ப்பு புதியவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மத்திய உள்துறை அமைச்சகம் 2020 பிப்ரவரியில் விதிகளைத் தளர்த்தியது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் புகழ்பெற்ற வீரர்களும் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 12 வரை உயர்த்தப்பட்டது. வளரும் வீரர்கள் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வைத்துக்கொள்ளலாம் என்றானது. பயிற்சிக்காக ஆண்டுதோறும் வாங்கக்கூடிய .22 தோட்டாக்களின் வரம்பு 1,000-லிருந்து 5,000 ஆனது. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. நாளொன்றுக்கு 100 தோட்டாக்கள் எனக் கொண்டால், பழைய வரம்பு 10 நாள்களில் தீர்ந்துவிடும்; புதிய வரம்பு 50 நாள்களுக்கு வரும்.

ஆயினும் வரம்பு உயர்வது வேறு, வாங்கும் திறன் உயர்வது வேறு. குசாலேவின் தந்தை ஓர் ஆசிரியர். மகனுக்குத் தோட்டாக்கள் வாங்க அவர் கடன் பெற்றதாகப் பதக்கத்துக்குப் பின் வெளியான செய்திகள் தெரிவித்தன. ஓர் ஆசிரியர் குடும்பத்தையே கடனுக்குத் தள்ளிய விளையாட்டு, தினக்கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எட்டுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

நிறுவனங்கள் தாங்கிய வெற்றி

இந்தியாவின் மூன்று நிலை வீரர்களின் பின்னணியை ஆராய்ந்தால் பொதுவான ஓர் இழை தென்படுகிறது. குசாலே, மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி திட்டத்தில் பயின்று, 2015-இல் ரயில்வே பணியில் சேர்ந்தவர். தோமர், மத்தியப் பிரதேச அரசு போபாலில் நடத்தும் துப்பாக்கி சுடும் பயிலகத்தில் உருவானவர். அவர் 2025-இல் கெய்ரோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில் இதே பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். துப்பாக்கி, தோட்டா, களம், பயிற்சியாளர் ஆகியவற்றைத் தனிக்குடும்பத்தின் சுமையாக விடாமல் ஓர் அரசு அமைப்பு ஏற்றுக்கொண்ட இடங்களில் வீரர்கள் உருவாகியுள்ளனர்.

1951-இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கம், மாநிலப் போட்டி, மவ்லங்கர் போட்டி, தேசியப் போட்டி எனப் படிநிலைகளை வகுத்துள்ளது. அதில் குறிப்பிட்ட தகுதிப் புள்ளிகளை எட்டுபவருக்கே ‘புகழ்பெற்ற வீரர்’ என்ற நிலை கிடைக்கிறது. இறக்குமதி உள்ளிட்ட சலுகைகள் அதன்பின்னரே வருகின்றன. சலுகை பெறத் தகுதிப் புள்ளி வேண்டும். தகுதிப் புள்ளி எடுக்க நல்ல துப்பாக்கியும் போதிய தோட்டாவும் வேண்டும். இந்தச் சுழலில் சிக்கி, ஏர் ரைபிளோடு நின்றுவிடுவோர் பலர்.

இதற்குத் தீர்வு ஆயுதச் சட்டத்தைத் தளர்த்துவதுதான் என்று சிலர் வாதிடுகின்றனர். அது சரியான வழியாகத் தோன்றவில்லை. தனிநபர் கையில் துப்பாக்கிகள் பெருகுவது பொதுப் பாதுகாப்புக்கு உகந்ததன்று. விளையாட்டுக்கும் அது தேவையில்லை. துப்பாக்கி சுடும் மன்றங்களுக்குத் தனி உரிமம் வழங்க விதிகளில் ஏற்கெனவே இடமுண்டு. மன்றத்தின் துப்பாக்கி மன்றத்தின் பாதுகாப்புப் பெட்டகத்திலேயே இருக்க, பயிற்சி பெறுவோர் மேற்பார்வையில் அதைப் பயன்படுத்தும் முறையை மாவட்டங்கள் தோறும் விரிவாக்கலாம். 12 வயது நிறைந்தோர் விதிகளுக்குட்பட்டுப் பயிற்சி பெறச் சட்டம் அனுமதிக்கிறது. ஏர் ரைபிளில் மாநில அளவில் தேறுவோருக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கைத் தோட்டாக்களை அரசே வழங்கினால், மூன்று நிலைப் பிரிவுக்கு மாறுவது குடும்பத்தின் கடன் சுமையாக இராது. மாநிலக் காவல்துறைகளிடம் ஏற்கெனவே உள்ள சுடுகளங்களை, கடும் பாதுகாப்பு நெறிகளுடன் வார இறுதிகளில் விளையாட்டுக்குத் திறந்துவிடுவதும் செலவு குறைந்த வழியே.

நகோயாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் களமிறங்கப்போகும் வீரர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டவர்கள். அவர்களுக்கு ஆதரவு கிடைத்துவருகிறது. 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்தில் நடத்தும் வாய்ப்பையும் இந்தியா பெற்றுள்ளது. ஆனால் 2032, 2036 ஒலிம்பிக் போட்டிகளுக்குரிய வீரர்கள் இன்று ஏதோ ஒரு பள்ளி அரங்கில் ஏர் ரைபிளைத் தூக்கிப் பழகிக்கொண்டிருக்கும் சிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் 50 மீட்டர் களத்தை எட்டுவர் என்பது, மன்ற உரிமம், களம், தோட்டா ஆகிய மூன்றிலும் மாநில அரசுகள் அடுத்த சில ஆண்டுகளில் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தே அமையும்.